வீடியோவை ஜிஃப் ஆக்குவது எப்படி: பூ கட்டும் நான்கு விநாடியை வைத்து ஒரு வழிகாட்டி

ஹாஸ்டலில் இருக்கும் தன் பேத்திக்கு அத்தை பூ கட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும், அதுதான் வேலை. வீடியோ காலில் இரண்டு தடவை முயன்றார்கள், அவளுக்குப் பிடிபடவில்லை. நான் அத்தையின் கையை வீடியோ எடுத்து அனுப்பினேன். அது ஒரு முறை ஓடி நின்றுவிடும், மறுபடி பார்க்க வேண்டுமென்றால் போனைத் தொட வேண்டும், தொட்டால் நார் நழுவிவிடும். "நாரும் பூவுமா ரெண்டு கையும் இருக்கும்போது போனை எந்தக் கையால தொடுவா?" என்று அத்தை கேட்டார். தொடாமலேயே ஓடி ஓடித் திரும்ப வரும் படம்தான் வேண்டும், அதாவது ஜிஃப், என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதன்பிறகு மூன்று சாயங்காலம் போனது. 14 விநாடி வீடியோவை அப்படியே ஜிஃப் ஆக்கினேன், 60 மெகாபைட்டைத் தாண்டி வந்து நின்றது, எங்கேயும் ஏறவில்லை. சுருக்கினேன், மல்லிகை மொட்டெல்லாம் புள்ளி புள்ளியாகிவிட்டது. இதில் ஒன்றும் பெரிய வித்தை இல்லை, எதை எந்த வரிசையில் செய்வது என்று தெரிந்தால் முதல் தடவையே ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நீங்கள் பூ கட்டுவதை எடுக்காமல் தையல், கோலம், சமையல், ஒரு செயலியை எப்படிப் பயன்படுத்துவது என்று எதை எடுத்தாலும் வழி இதேதான்.

1. எங்கே போகப் போகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இதைக் கடைசியில் யோசித்ததால்தான் எனக்கு அத்தனை நேரம் வீணானது. ஜிஃப் என்று எல்லாரும் ஒரே பெயரில் சொன்னாலும், இடத்துக்கு இடம் கேட்கும் கோப்பு வேறு.

வாட்ஸ்அப் மட்டும் போதும் என்றால் நீங்கள் எதையும் மாற்றவே வேண்டாம். வீடியோவைத் தேர்ந்தெடுத்து, அனுப்பும் முன் வரும் திரையில் இரண்டு ஓரங்களையும் இழுத்து 6 விநாடிக்குள் குறைத்தால் 'ஜிஃப்' என்று ஒரு பொத்தான் வரும், அதை அழுத்தி அனுப்பினால் சத்தமில்லாமல் சுற்றிச் சுற்றி ஓடும். உள்ளே அது ஜிஃப் கோப்பே இல்லை, சத்தம் நீக்கிய எம்பி4 வீடியோதான். டெலிகிராமும் அப்படித்தான், நீங்கள் உண்மையான ஜிஃப்பைப் போட்டால்கூட அதை சத்தமில்லாத எம்பி4 ஆக்கித்தான் வைத்துக்கொள்ளும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த 'ஜிஃப்'பைப் போனில் சேமித்து, அதை ஜிஃப் கோப்பை மட்டும் ஏற்கும் வேறொரு தளத்தில் ஏற்றப் போனால் 'இந்தக் கோப்பு ஏற்கப்படாது' என்று திருப்பிவிடும், ஏனென்றால் உங்கள் போனில் கிடப்பது எம்பி4. பெயரின் கடைசியில் இருப்பதை அழித்துவிட்டு 'ஜிஃப்' என்று மாற்றி எழுதினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஆகாது. பெயர் மாறும், உள்ளே இருப்பது மாறாது.

எக்ஸ் தளத்தில் போன் வழியாக ஏற்றினால் 5 மெகாபைட், கணினி வழியாக ஏற்றினால் 15 மெகாபைட் வரை ஜிஃப்பை ஏற்கும். ஜிஃப்களைத் தேடிப் பகிரும் ஜிஃபி தளத்தில் 15 விநாடி, 100 மெகாபைட் வரை போகும், ஆனால் அவர்களே 6 விநாடிக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அசையும் ஸ்டிக்கராக வேண்டுமென்றால் அது இன்னொரு வகை: வெப்பி கோப்பு, 512க்கு 512 பிக்சல், 500 கிலோபைட்டுக்குள். மின்னஞ்சலில் வைக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள், கணினியில் போட்டிருக்கும் பழைய அவுட்லுக் சிலவற்றில் முதல் ஃபிரேம் (அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படங்களில் முதலாவது) மட்டும்தான் தெரியும், படம் ஓடாது. அதனால் முதல் ஃபிரேமே விஷயத்தைச் சொல்வதாக இருக்கட்டும்.

சொந்தமாக இணையப் பக்கம் வைத்திருப்பவர்கள் ஜிஃப் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து. எம்பி4ஐயே போட்டு, வீடியோ குறிச்சொல்லில் ஆட்டோபிளே, மியூட்டட், லூப், பிளேஸ்இன்லைன் என்ற நான்கையும் சேர்த்துவிடுங்கள். பார்க்கிறவருக்கு ஜிஃப் மாதிரியே தெரியும், அளவோ அதில் ஒரு சின்னப் பங்குதான் இருக்கும். மியூட்டட் விட்டுப்போனால் உலாவி தானாக ஓடவிடாது, பிளேஸ்இன்லைன் விட்டுப்போனால் ஐபோனில் திரை முழுக்க விரிந்துகொள்ளும். நான்கும் வேண்டும்.

எனக்கு உண்மையான ஜிஃப்தான் வேண்டியிருந்தது. பேத்தி தன் தோழிகளுக்கும் அனுப்ப வேண்டும், யார் எந்தச் செயலியில் திறந்தாலும் ஓட வேண்டும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, மூல வீடியோ. கேமராவில் எடுத்த அதே கோப்பு. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய வீடியோ ஏற்கெனவே ஒருமுறை சுருங்கிப்போனது, அதில் கட்டம் கட்டமாக அழுக்கு விழுந்திருக்கும், ஜிஃப் ஆக்கும்போது அந்த அழுக்கெல்லாம் கூடுதலாகத் தெரியும், கோப்பும் பெருக்கும். எடுத்தவரிடம் 'வீடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள்' என்று கேளுங்கள், சுருங்காமல் வரும்.

இரண்டாவது, சம்மதம். படத்தில் இருப்பவரிடம், அது எங்கெங்கே போகலாம் என்று சொல்லிக் கேட்டுவிடுங்கள். அத்தை "கை மட்டும் தெரியட்டும், முகம் வேண்டாம்" என்றார். எழுதி வாங்க வேண்டியதில்லை, ஆனால் கடைக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்துவதாக இருந்தால் ஒரு மெசேஜிலாவது 'சரி' என்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் படம் என்றால் பொதுத் தளங்களில் ஏற்றவே வேண்டாம். ஜிஃபி மாதிரி இடத்தில் பொதுவில் ஏற்றியது தேடலில் வரும், முன்பின் தெரியாதவர்கள் எடுத்து எதற்கு வேண்டுமானாலும் போடுவார்கள்.

மூன்றாவது, உரிமை. நீங்களே எடுத்த வீடியோ என்றால் கவலையில்லை. சினிமாக் காட்சி என்றால், '10 விநாடிக்குள் இருந்தால் பரவாயில்லை' என்று பலரும் நம்புகிறார்கள், இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு விநாடிக் கணக்கு கிடையாது. விமர்சனம், சொந்தப் படிப்பு மாதிரி சில நோக்கங்களுக்கு நியாயமான பயன்பாட்டை 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது, நீளம் மட்டும் உங்களைக் காப்பாற்றாது. வியாபார விளம்பரத்தில் சினிமா ஜிஃப் போடாதீர்கள்.

3. எடுக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும்

இந்தப் படி கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள், அளவு பெருத்துப்போனதற்கு உண்மையான காரணம் இங்கேதான் இருந்தது.

ஜிஃப் கோப்பில் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் இடையில் மாறாத பகுதியை மறுபடி எழுதாமல் விட்டுவிட முடியும். தட்டு அசையாமல் இருந்தால் அந்தத் தட்டு ஒரே ஒரு தடவைதான் பதிவாகும். நீங்கள் போனைக் கையில் பிடித்து எடுத்தால், உங்கள் கண்ணுக்குத் தெரியாத நடுக்கத்திலேயே படம் முழுக்க ஒவ்வொரு ஃபிரேமிலும் நகர்ந்துகொண்டிருக்கும், அத்தனையும் புதிதாகப் பதிவாகும். என் 60 மெகாபைட்டில் பெரும்பங்கு இந்த நடுக்கம்தான். ஆகவே போனை எங்காவது நிறுத்துங்கள். ஸ்டாண்டு இல்லையென்றால் இரண்டு அரிசி டப்பாவுக்கு நடுவே சொருகினாலும் போதும்.

அடுத்தது மின்விசிறி. மேலே ஓடினால் அதன் நிழல் தட்டின் மேல் விட்டு விட்டு விழும், உங்களுக்கு அது பழகிப்போயிருக்கும், கேமராவுக்குப் பழக்கமில்லை. நிழல் விழும் ஒவ்வொரு முறையும் படம் முழுக்க மாறுகிறது. காற்றில் நாரும் ஆடும். அணைத்துவிடுங்கள்.

வெளிச்சம் குறைவான அறையில் எடுத்தால் படத்தில் மணல் தூவியது மாதிரி நுண்ணிய புள்ளிகள் ஓடும், அதுவும் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும், அதுவும் அளவைக் கூட்டும். பகலில் சன்னல் ஓரம் அல்லது திண்ணை, அதைவிட நல்ல விளக்கு வீட்டில் இல்லை. ட்யூப்லைட்டின் கீழ் எடுத்தால் சில போன்களில் பட்டை பட்டையாக ஒளி ஓடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னணி ஒரே நிறமாக இருக்கட்டும். ஜிஃப் ஒரு ஃபிரேமுக்கு அதிகபட்சம் 256 நிறம்தான் தாங்கும். பூப்போட்ட விரிப்பின் மேல் வைத்து எடுத்தால் அந்த 256இல் பாதியை விரிப்பே தின்றுவிடும், மொட்டின் வெள்ளைக்கும் காம்பின் வெளிர்பச்சைக்கும் மிச்சம் இருக்காது. முதல் தடவை என் மொட்டுகள் புள்ளியானது அதனால்தான். இரண்டாவது தடவை ஒரு மங்கலான கருநீலப் புடவையை நான்காக மடித்து விரித்தோம், வெள்ளை மொட்டு பளிச்சென்று தெரிந்தது. எவர்சில்வர் தட்டு வேண்டாம், அதில் கை அசையும்போதெல்லாம் பிரதிபலிப்பும் அசையும்.

ஐபோன்காரர்களுக்கு இரண்டு அமைப்பு. கேமரா அமைப்புகளில் 'ஃபார்மட்ஸ்' போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் சில மாற்றும் கருவிகள் கோப்பைத் திறக்காது. 'ரெக்கார்டு வீடியோ'வில் எச்டிஆர் இருந்தால் அணைத்துவிடுங்கள், அதை வைத்து எடுத்தது ஜிஃப் ஆகும்போது சாயம் போன துணி மாதிரி வெளிறிப்போகும்.

கணினித் திரையையோ போன் திரையையோ பதிவு செய்கிறவர்கள் அறிவிப்புகளை முதலில் நிறுத்துங்கள். ஓடிபி ஒன்று மேலே வந்து விழுந்து, அது ஜிஃப்பில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தால் யாருக்கும் நல்லதில்லை.

4. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது

பூ கட்டுவதில் ஒரு முடிச்சு என்பது இவ்வளவுதான்: நாரை இடது கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு மொட்டை இந்தப் பக்கமும் இரண்டு மொட்டை அந்தப் பக்கமும் பார்க்கிற மாதிரி காம்போடு காம்பு சேர்த்து வைத்து, வலது கை விரலில் நாரை ஒரு சுற்றுச் சுற்றி, அந்த வளையத்தைக் காம்புகளின் மேல் இறக்கி, இழுப்பது. அத்தைக்கு இதற்கு நான்கு விநாடிக்கு மேல் ஆகாது. உங்களுக்குத் தேவை இந்த ஒரு சுற்று மட்டும்தான். 14 விநாடியில் மூன்று முடிச்சு இருந்தது, மூன்றும் ஒன்றேதான், இரண்டை வெட்டினேன், அளவு மூன்றில் ஒன்றாகிவிட்டது.

தொடக்கமும் முடிவும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். முடிச்சு இறுகி, வலது கை அடுத்த மொட்டை எடுக்கப் போகும் அந்தக் கணத்தில் தொடங்கி, அடுத்த முடிச்சு இறுகிக் கை மறுபடி அதே இடத்துக்குப் போகும்போது முடியுங்கள். அப்போது எங்கே தொடங்கியது எங்கே முடிந்தது என்றே தெரியாமல் சுற்றும்.

எனக்கு இங்கே ஒரு சிக்கல் வந்தது. கை அதே இடத்துக்கு வந்தாலும், கட்டி முடித்த சரம் ஒரு முடிச்சு நீண்டிருக்கும் இல்லையா, ஒவ்வொரு சுற்றிலும் சரம் துள்ளிக் குறுகியது. வழி எளிதுதான்: படத்தின் ஓரத்தை வெட்டிக் கட்டி முடித்த சரத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டேன், விரல்களும் இரண்டு முடிச்சும் மட்டும் உள்ளே. துள்ளல் போய்விட்டது, அளவும் இன்னும் குறைந்தது. பின்னல், பாய் முடைதல், கூடை, எதுவாக இருந்தாலும் வளர்ந்துகொண்டே போகும் பொருளை இப்படிச் சட்டத்துக்கு வெளியே விடுங்கள்.

முன்னும் பின்னுமாக ஓடவிடும் வசதியைப் பல செயலிகள் கொடுக்கின்றன, பூமராங் என்பார்கள். குதிக்கும் நாய்க்குட்டிக்கு அது அழகு. கற்றுக்கொடுக்கும் படத்துக்கு வேண்டவே வேண்டாம், கட்டிய முடிச்சு தானாக அவிழ்ந்துகொண்டிருக்கும், புதிதாகப் பார்ப்பவருக்கு எது முறை எது திருப்பம் என்றே தெரியாது.

5. எதில் மாற்றுவது

நிறைய இருக்கின்றன, நான் பயன்படுத்தியவற்றில் மூன்றைச் சொல்கிறேன்.

உலாவியில் ஈஸிஜிஃப். கணக்குத் தொடங்க வேண்டாம், இலவசம், படத்தின் மேல் தன் பெயரை முத்திரையாகக் குத்தாது. 'வீடியோ டு ஜிஃப்' பக்கத்தில் கோப்பை ஏற்றி, தொடக்க நேரம் முடிவு நேரம் இரண்டையும் விநாடியில் கொடுத்து, அகலம், ஃபிரேம் வேகம் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டியதுதான். வந்த ஜிஃப்பின் கீழேயே வெட்ட, அளவு குறைக்க, சுருக்க தனித்தனிப் பொத்தான்கள் இருக்கும். போனிலேயே செய்யலாம், ஆனால் நேரத்தைத் துல்லியமாகக் குறிக்கக் கணினி வசதி.

விண்டோஸ் கணினியில் ஸ்கிரீன்டுஜிஃப். இலவச, திறந்த மூல மென்பொருள். திரையைப் பதிவு செய்ய இதைவிட வசதியானது எனக்குத் தெரியாது, ஒவ்வொரு ஃபிரேமையும் தனியாகப் பார்த்து வேண்டாததை நீக்கலாம். எதையும் இணையத்தில் ஏற்றாமல் உங்கள் கணினியிலேயே முடிந்துவிடும் என்பது பெரிய விஷயம். வங்கி, ஆதார், மருத்துவச் சீட்டு மாதிரி எதாவது தெரியும் பதிவை உலாவிக் கருவிகளில் ஏற்றாதீர்கள், இதில் செய்யுங்கள்.

கட்டளை வரி பழகியவர்களுக்கு எஃப்எஃப்எம்பெக். இதில் நேராக மாற்றினால் நிறம் மோசமாக வரும், இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும்: முதலில் பேலட்ஜென் என்ற வடிப்பானால் உங்கள் வீடியோவுக்கே உரிய 256 நிறத்தைத் தேர்ந்தெடுத்து, அப்புறம் பேலட்யூஸ் என்ற வடிப்பானால் அந்த நிறங்களைக் கொண்டு ஜிஃப் ஆக்க வேண்டும். மல்லிகைக்கு இது செய்த வித்தியாசத்தைப் பார்த்தபிறகு நான் பெரும்பாலும் இதற்கே வந்துவிட்டேன்.

ஐபோனில் தனிச் செயலி இல்லாமலே 'ஷார்ட்கட்ஸ்' செயலியில் ஜிஃப் செய்யும் வழி இருக்கிறது, அவசரத்துக்குப் போதும்.

6. எந்த எண்ணைப் போடுவது

அகலத்தை முதலில் குறையுங்கள். அகலத்தைப் பாதியாக்கினால் உயரமும் பாதியாகும், பிக்சல் கணக்கு நான்கில் ஒன்றாகிவிடும், வேறு எந்த அமைப்பும் இவ்வளவு குறைக்காது. போனில் பார்க்க 480 பிக்சல் அகலம் தாராளம். வெட்ட வேண்டியதை முதலில் வெட்டிவிட்டு அப்புறம் அகலத்தைக் குறைக்க வேண்டும், மாற்றிச் செய்தால் விரல் மங்கிப்போகும்.

அடுத்து ஃபிரேம் வேகம். ஜிஃப்பில் ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது விநாடியில் நூறில் ஒரு பங்குக் கணக்கில் எழுதப்படுகிறது. அதனால் விநாடிக்கு 10, 20, 25, 50 என்பவை சரியாக வகுபடும். 30 வகுபடாது, 3.33 என்று எழுத இடமில்லை, வேகம் கொஞ்சம் மாறிவிடும். 60 என்று கொடுப்பது அதைவிட மோசம். நூறில் 2 பங்குக்கும் குறைவான நேரத்தை உலாவிகள் ஏற்காமல் 10 பங்காக எடுத்துக்கொள்ளும், வேகமாக ஓட வேண்டியது ஆமை வேகத்தில் ஊர்ந்து போகும். இது தெரியாமல் நான் ஒரு முழுச் சாயங்காலத்தைத் தொலைத்தேன். சாதாரண அசைவுக்கு 10, விரல் வேலைக்கு 20. அதற்கு மேல் தேவையில்லை.

10 வைத்தபோது அத்தை வளையத்தை இறக்கும் இடம் சரியாகத் தெரியவில்லை, அரை விநாடிகூட ஆகாது அதற்கு. "கொஞ்சம் மெதுவாகக் கட்டுங்கள் அத்தை" என்றேன். முயன்றார், முடிச்சு நழுவியது, மறுபடியும் நழுவியது. அவர் கைக்கு அந்த வேகத்தில்தான் வேலை தெரியும், மெதுவாக்கச் சொன்னால் கை யோசிக்க ஆரம்பித்துவிடுகிறது. அதனால் அவரை அவர் வேகத்திலேயே விட்டுவிட்டேன். விநாடிக்கு 20 ஃபிரேம் எடுத்து, ஓடும்போது ஒவ்வொன்றும் இரு மடங்கு நேரம் நிற்கும்படி, அதாவது நூறில் 5க்குப் பதில் 10 என்று மாற்றினேன். அதே 80 ஃபிரேம், நான்கு விநாடிக்குப் பதில் எட்டு விநாடி ஓடுகிறது, கோப்பு அளவு கூடவே இல்லை. கற்றுக்கொடுக்க ஜிஃப் செய்கிறவர்கள் எல்லாரும் இதைச் செய்து பாருங்கள்.

நிறம்: 256இல் தொடங்கி 128, 64 என்று குறைத்துக்கொண்டே வந்து எங்கே கெடுகிறதோ அதற்கு ஒரு படி மேலே நிறுத்துங்கள். கருநீலத் துணி, வெள்ளை மொட்டு, பச்சைக் காம்பு, அத்தை கை, இவ்வளவுதான் இருந்ததால் எனக்கு 128 போதுமானது. 64இல் கையின் தோல் திட்டுத் திட்டாகிவிட்டது. மாலை வானம் மாதிரி நிறம் மெல்ல மெல்ல மாறும் காட்சிகள் ஜிஃப்புக்கு ஒத்துவராது, வீடியோவாகவே அனுப்புங்கள்.

'டிதரிங்' என்று ஒன்று கேட்கும். இல்லாத நிறத்தைப் புள்ளிகளைக் கலந்து காட்டும் முறை அது. போட்டால் நிறம் மென்மையாகும், ஆனால் அந்தப் புள்ளிகளைச் சுருக்க முடியாததால் அளவு கூடும். இரண்டையும் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'லாஸி' சுருக்கம், அதாவது தரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அளவைக் குறைப்பது, இருந்தால் அதைக் கடைசியில் போடுங்கள், கொஞ்சமாக.

'லூப்' எண்ணிக்கை 0 என்றால் முடிவில்லாமல் சுற்றும். 1 என்று போட்டுவிட்டு ஏன் நின்றுவிடுகிறது என்று தேடாதீர்கள்.

ஒவ்வொரு முறை திருத்தும்போதும் மூல வீடியோவிலிருந்து மறுபடி தொடங்குங்கள். செய்த ஜிஃப்பையே திரும்பத் திரும்ப ஜிஃப் ஆக்கினால் நிறம் கழுவிக்கொண்டே போகும்.

7. தமிழில் எழுத்துப் போடுவதாக இருந்தால்

ஜிஃப் ஆக்கும் கருவியில் எழுதாதீர்கள். பல கருவிகளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது, 'கொ' என்று தட்டினால் கொம்பும் காலும் பிரிந்து புள்ளி வட்டத்தோடு நிற்கும், சிலவற்றில் வெறும் கட்டம்தான் வரும். வீடியோவாக இருக்கும்போதே போனிலுள்ள எடிட்டரில் எழுதிவிட்டு, அப்புறம் மாற்றுங்கள். தடித்த எழுத்து, ஒரு வரிக்கு இரண்டு மூன்று வார்த்தை, எழுத்தைச் சுற்றிக் கரை. மெல்லிய எழுத்து 480 அகலத்தில் புள்ளி எது சுழி எது என்று தெரியாமல் கரைந்துவிடும்.

விட்டு விட்டு மின்னும் எழுத்து வேண்டாம். விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச் பளிச்சென்று மின்னுவது வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து.

8. செலவும் நேரமும்

மேலே சொன்ன எதற்கும் ஒரு ரூபாய் செலவில்லை. டேட்டா மட்டும்தான், அதனால் பெரிய மூல வீடியோவை ஏற்றும் முன் போனிலேயே தேவையான சில விநாடிகளுக்கு வெட்டிவிட்டு ஏற்றுங்கள்.

காசு போவது வேறு வழியில். ஒரு செயலியை இறக்கினேன், 'மூன்று நாள் இலவசம்' என்றது, ஜிஃப் வந்ததும் நடுவில் முத்திரை, அதை நீக்க யுபிஐ ஆட்டோபே அனுமதி கேட்டது, அவசரத்தில் கொடுத்தேன். செயலியை அழித்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன், அடுத்த வாரம் பணம் போயிருந்தது. செயலியை அழிப்பதால் சந்தா ரத்தாகாது. பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதியிலும், உங்கள் யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதியிலும் போய் இரண்டு இடத்திலும் பார்த்து ரத்து செய்யுங்கள். அனுமதி கொடுத்த அன்றைக்கே செய்துவிட்டால் மறக்காது.

நேரக் கணக்கு: எடுக்க 20 நிமிடம், வெட்ட 10, மாற்றிப் பார்க்க அரை மணி. பழகினால் மாற்றுவது ஐந்து நிமிட வேலை.

9. எல்லாருக்கும் அனுப்பும் முன் ஒருவருக்கு அனுப்புங்கள்

வாட்ஸ்அப்பில் உண்மையான ஜிஃப்பைப் படமாக அனுப்பினாலும் அது எம்பி4 ஆகிவிடும். ஜிஃப்பாகவே போய்ச் சேர வேண்டுமென்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். உங்கள் போனில் ஓடுவதை வைத்து முடிவு செய்யாமல், வீட்டில் இருப்பதிலேயே பழைய போன் எதுவோ அதில் திறந்து பாருங்கள், அதில் திக்காமல் ஓடினால் சரி.

முக்கியமாக, யாருக்காகச் செய்தீர்களோ அவர் அதைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். என் ஜிஃப் 3 மெகாபைட்டுக்குக் கொஞ்சம் கூட, சுத்தமாகச் சுற்றியது, நிறம் நன்றாக இருந்தது. பேத்தி பத்து நிமிடம் முயன்றுவிட்டுக் கூப்பிட்டாள். "மாமா, பாட்டி எதிர்ல உக்காந்திருக்காங்க, அவங்க இடது எனக்கு வலதா வருது, ஒவ்வொரு தடவையும் மனசுல திருப்ப வேண்டியிருக்கு" என்றாள். அவள் சொன்னது சரி. எதிரே இருந்து எடுத்தால் கையின் இடமும் வலமும் மாறித்தான் தெரியும். கை வேலை எதைக் காட்டுவதாக இருந்தாலும் கேமரா செய்கிறவரின் தோளுக்கு மேலே, அவர் கண் பார்க்கும் திசையிலேயே இருக்க வேண்டும், அப்போதுதான் பார்க்கிறவருக்கு அது தன் கை மாதிரித் தெரியும்.

மறுநாள் காலை அத்தையை அதே திண்ணையில், அதே கருநீலப் புடவையை விரித்து உட்காரவைத்து, பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு அதன் மேல் டப்பாக்களை அடுக்கிப் போனை அவர் வலது தோளுக்கு மேல் வைத்து எடுத்தோம். அகலம், ஃபிரேம், நிறம், நேரம் எல்லாவற்றையும் முதல் தடவையே ஒரு தாளில் குறித்து வைத்திருந்ததால் மாற்றுவதற்கு நேரமே ஆகவில்லை. நீங்களும் குறித்து வையுங்கள்: 480 அகலம், விநாடிக்கு 20 ஃபிரேம், ஒவ்வொரு ஃபிரேமும் நிற்கும் நேரம் நூறில் 10, 128 நிறம், லூப் 0. அன்று சாயங்காலம் ஹாஸ்டலிலிருந்து ஒரு படம் வந்தது, ஒரு முழம்கூட இருக்காது, முடிச்சுக்கு முடிச்சு இடைவெளி கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் ஒன்றுகூட அவிழவில்லை.